அத்தியா, பேத்தியா?

இந்த வருஷம் அத்தி மரத்தைப் புதைப்பதில்லை என்று தொனாத்தோ தீர்மானம் செய்தார்.

சாதாரணமாகச் சொல்லிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில், முள்கரண்டியை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னார். ராஜா போர் அறிவிப்பது போலத்தான் இருந்தது. என்ன, ராஜாவின் சட்டையில் தக்காளிச் சாறு கொட்டியிருந்தது.

"இந்தக் குளிருக்கு மரம் நின்னுக்கிட்டேதான் தூங்கப் போகுது. இது முடிவு."

அவர் மனைவி அசுந்தா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள். "மரத்துக்கு நின்னுக்கிட்டே தூங்கத் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். பிரசங்கத்தப்போ கோயில் கதவுகிட்ட நீங்க தூங்கறதைப் பாத்திருக்கேன்."

"கிண்டலை விடு. நியூயார்க் பக்கமெல்லாம் யாரும் புதைக்கறதில்லை. நிக்க வெச்சே துணியைச் சுத்தி, தலைக்கு மேல ஒரு வாளியைக் கவுத்துடறாங்க. அதுதான் நாகரிகம்."

"அது கடலோரம். இங்கே யூட்டிகாவுல துப்பினா எச்சில் தரைக்கு வர்றதுக்குள்ள கல்லாயிடுது."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த ஊர்க் குளிர் மனிதருக்கே ஆகாது. ஆனாலும் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்து அந்தத் தெருவில் குடியேறினவர்கள் யாரும் அத்தி இல்லாமல் வீடு என்று ஒன்றை ஒத்துக்கொள்ளவில்லை. இலை உதிர்ந்ததும் ஆண்கள் மண்வெட்டியோடு கொல்லைக்குப் போவார்கள். ஒரு பக்கத்து வேரை மட்டும் வெட்டித் தளர்த்தி, கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, மரத்தை அப்படியே சாய்த்து நீளப் பள்ளத்தில் படுக்க வைப்பார்கள். மேலே பலகை, சருகு, கிழிந்த கம்பளம், அதற்கு மேல் மண். அப்புறம் பனி கொட்டட்டும், பனிக்கு அப்பன் வந்து கொட்டட்டும், மரம் கவலையில்லாமல் கிடக்கும். ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு கழிந்துதான் எழுப்புவார்கள். ஆண்டவருக்கு முந்திக்கொண்டு மரம் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் ஞானம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதைத்த மரத்துக்குக் காவல் வேண்டாம். மண்ணை மூடிவிட்டு மனிதன் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். சுற்றி நிறுத்திய மரம் அப்படியில்லை. காற்று துணியை அவிழ்க்கும். பனி வாளியைத் தள்ளும். வெயில் அடித்தால் உள்ளே புழுங்கும். கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

தொனாத்தோவுக்குத் தேவைப்பட்டது மரம் இல்லை. கூடவே இருக்க வேண்டிய அந்த ஆளின் வேலை.

"பியரீனா நேத்து மறுபடியும் போன் பண்ணினா," என்றாள் அசுந்தா.

மகள் பெயரைக் கேட்டதும் தொனாத்தோ சட்டைக் கறையைத் துடைக்கத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலை. அப்பா வந்து பக்கத்துல நிக்காம தலையில தண்ணி ஊத்த விடமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

"மரமும் ஒத்தைக் கால்லதான் நிக்கப் போகுது. அதை யார் பாக்கறது?"

"அது பச்சைப் பிள்ளைங்க. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் கீய்ச்சல் வந்தா, மாதாவே, நான் நினைக்கக்கூட மாட்டேன். உங்களுக்கு அத்தி பெரிசா, பேத்தி பெரிசா?"

"ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பேசாதே. பேத்திக்கு அப்பா இருக்கான், அம்மா இருக்கா. அத்திக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

இதைச் சொல்லும்போது தம் குரலே தழுதழுத்ததைக் கேட்டு, தொனாத்தோ தாமே கொஞ்சம் உருகிப்போனார்.

உண்மை வேறு. பியரீனா கட்டிக்கொண்டு போனது தெற்கே, வெயில் காயும் ஃப்ளோரிடாவில் இருக்கும் பையனை. பெயர் வெர்னன். பயந்த சுபாவம், பளிச்சென்ற சிரிப்பு. கோயிலுக்கு மட்டும் அத்தி பூத்தாற்போல வருவான். அதைக்கூடத் தொனாத்தோ மன்னித்திருப்பார். கல்யாணத்தன்று அவர் தம் மரத்தில் பழுத்த பழங்களை இலையோடு பறித்து, தட்டில் அடுக்கி, மாப்பிள்ளைக்குத் தம் கையாலேயே கொண்டுபோய் நீட்டினார். யூட்டிகாவில் பழுத்த அத்தி என்றால் பனியின் வாயிலிருந்து பிடுங்கிய பழம். வெர்னன் அதைக் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டு, வந்திருந்த சொந்தபந்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நல்லாயிருக்கு மாமா. எங்க வீட்ல கராஜுக்குப் பின்னால ஒண்ணு தானா நிக்குது. யாரும் வெச்சதில்லை, தண்ணிகூட ஊத்தறதில்லை. களை மாதிரிக் காய்க்கும்."

களை.

அந்த ஒரு சொல் தொனாத்தோவின் நெஞ்சில் வேர்விட்டது. எத்தனை வருஷமானாலும் களையெடுக்க முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போவதா? கராஜுக்குப் பின்னால் நின்று அந்தக் களையைத் தம் கண்ணால் பார்ப்பதா? முடியாது. ஆனால் பேத்தி பிறந்த பிறகு "முடியாது" என்று சொன்னால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். "மரத்தை விட்டுவிட்டு வர முடியாது" என்றால் கடமை தவறாதவன் என்பார்கள். அதற்குத்தான் இந்த நாகரிகம்.

அசுந்தா மேஜையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டி எடுத்தாள். பிறகு, "சரிங்க," என்றாள்.

அசுந்தா இப்படி மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்று சொன்னால், வேறு புருஷனாக இருந்தால் பயந்திருப்பான். தொனாத்தோ மகிழ்ந்துபோனார்.

"நீங்க சொன்னா சொன்னதுதான். ஆனா ஒண்ணு, மரம் குளிர்ல நடுங்கக் கூடாது. வீட்ல என்ன துணி இருந்தாலும் அதுக்குத்தான்."

"அப்படிச் சொல்லு! என்ன துணி இருந்தாலும் அதுக்குத்தான்."

இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டொரு நாளில் ராச்செஸ்டரிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் கூப்பிட்டதாக அசுந்தா வந்து சொன்னாள். "பன்றி வெட்டறாங்களாம். சாசேஜுக்கு உப்பும் மிளகாயும் கலக்க உங்க கை வேணுமாம். போன வருஷம் நீங்க இல்லாம கலந்து, நாய்கூட முகர்ந்து பாத்துட்டுப் போயிடுச்சாம்."

தொனாத்தோவின் மார்பு விரிந்தது. "எனக்குத் தெரியும். அவன் கைக்கு உப்புச் சேராது." பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தார். "மரத்துல இன்னும் இலை இருக்கு. இலை விழாம சுத்தக் கூடாது. நான் வந்து பாத்துக்கறேன்."

"நீங்க வந்துதான் பாக்கணும். நான் பொம்பளை, எனக்கு என்ன தெரியும்?"

யார் யாரைக் கூப்பிட்டது என்று தொனாத்தோ கேட்கவில்லை. உப்பு விஷயத்தில் தம்மைத் தேடினார்கள் என்றால் அவர் எதையும் கேட்கமாட்டார்.

அவர் சாசேஜ் மாலைகளோடு திரும்பி வந்தபோது யூட்டிகா வெள்ளைவெளேரென்று கிடந்தது. அவர் போன மறுநாளே கடுங்குளிர் வந்து இலையெல்லாம் கொட்டிவிட்டது. கொல்லையில், மரம் இருந்த இடத்தில், தலையில் வாளி கவிழ்த்துக்கொண்டு ஒரு தடித்த உருவம் நின்றது. இடுப்பில் கயிறு. மேலே தொனாத்தோவின் கம்பளிக் கோட்டு. பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது.

"அசுந்தா! என் கோட்டு!"

"நல்லாயிருக்குல்ல? உங்களைவிட அதுக்குப் பொருத்தமா இருக்கு. தொந்தி இல்லாததுனால."

"யார் சுத்தினது?"

"பக்கத்து வீட்டு எஜீதியோ அண்ணன்தான். ராத்திரி உறையப் போகுதுன்னு ரேடியோவுல சொன்னான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பாவம் மனுஷன், ஓடி வந்து செஞ்சு கொடுத்தாரு."

"சுத்தினது சரி. என் கோட்டை எதுக்குப் போட்டே? நான் எதைப் போட்டுக்கறது?"

"என்ன துணி இருந்தாலும் அதுக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க? அவுத்துடவா? அவுத்தா உள்ள காத்துப் போயிடும்னாரு எஜீதியோ அண்ணன். மரம் செத்துட்டா என்னைச் சொல்லக் கூடாது."

தொனாத்தோ மரத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். "வேண்டாம். அதுவே போட்டுக்கட்டும்," என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் கோட்டை விட்டது அங்கேதான். எந்தக் கோட்டை என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

அன்றிலிருந்து அவர் காவல் ஆரம்பமானது. காலையில் காப்பியைக் குடித்ததும் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அசுந்தாவின் சால்வையையும் தலையில் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு இறங்குவார். வாளியின் மேல் விழுந்த பனியைத் துடைப்பார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார். காலடியில் பனியை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார். பிறகு கோட்டுக்கு மேலே விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"என்ன பண்றே தொனாத்தோ?" என்று எஜீதியோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அவர் தம் மரத்தை ஊர் வழக்கப்படி எப்போதோ புதைத்துவிட்டு, பைப்பைப் புகைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"நாடி பாக்கறேன்."

"மரத்துக்கா?"

"உனக்குத் தெரியாது. பரம்பரைக் கை இது. உள்ளே சாறு ஓடறது விரல்ல தெரியும். மெதுவா ஓடுது. தூங்குது."

எஜீதியோவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து இருமுவது வெகுநேரம் கேட்டது.

"குடும்பத்துக்கே சளி," என்றார் தொனாத்தோ, உள்ளே வந்து. "புதைச்சுட்டுச் சும்மா நின்னா அப்படித்தான். உடம்புல ஓட்டம் வேணும்."

முடிவெட்டும் கடையிலும் பெருமைதான். அத்தியைப் புதைக்கிறவர்கள் எல்லாம் மரத்தை நம்பாதவர்கள் என்றார். அவருடைய மரம் அவர் குரலைக் கேட்டால் ஒரு மாதிரிச் சிலிர்க்கிறது என்றார். கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "சிலிர்க்குதா?" என்று கேட்டார். "சிலிர்க்குது," என்றார் தொனாத்தோ.

அவர் நடுங்கிக்கொண்டு உள்ளே வரும்போதெல்லாம் அசுந்தா சூடான பீன்ஸ் சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள். சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்காருவாள். முணுமுணுப்புக்கு நடுவில் "பிள்ளை", "தண்ணி" என்று இரண்டு வார்த்தை மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்கும். போன் அடித்தால் அவளேதான் எடுப்பாள்.

"அப்பா மரத்துகிட்ட இருக்காருடி... ஆமா, ஸ்வெட்டர் போட்டிருக்காரு... பிள்ளை பால் குடிக்கிறாளா? மூச்சு விடும்போது கரகரன்னு இருக்கா? எப்போலேர்ந்து? டாக்டர்கிட்டே காமிச்சியா?... அழாதே. சாமி பாத்துக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் சமையல் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தொனாத்தோ பார்த்தார். அவருக்கும் சூப் இறங்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் 'களை' என்ற சொல் தொண்டையில் வந்து நின்றது. சூப்பைத்தான் விழுங்கினார்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும், வழக்கம்போலப் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். அசுந்தா அவரை உட்காரவைத்து, தேனில் தோய்த்த பலகாரத்தை முன்னால் வைத்தாள்.

"பேத்திக்கு ஞானஸ்நானம் ஆச்சா, தொனாத்தோ?" என்று சாமியார் கேட்டார்.

"இல்லை சாமி. நான் போய்த்தான் ஆகணுமாம்."

"அப்புறம் ஏன் போகலை?"

"மரம் சாமி! நிக்குது பாருங்க. நான் ஒரு நாள் விட்டாலும் செத்துடும். எங்க அப்பா கடல் தாண்டிக் கொண்டுவந்த குச்சி. அதைக் கொன்ன பாவம் எனக்கு வேண்டாம்."

"மரத்தைப் புதைச்சிருந்தா?"

"புதைச்சிருந்தா?" தொனாத்தோ நெஞ்சில் கைவைத்தார். இல்லாத ஒன்றுக்குத் தாராளமாக வாக்குக் கொடுப்பதில் அவருக்கு இணை கிடையாது. "புதைச்சிருந்தா நாளைக்கே ரயில் ஏறியிருப்பேன் சாமி. சூசையப்பர் மேல சத்தியம்!"

"சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது."

"சரி, சத்தியம் இல்லை. உறுதி. சூசையப்பர் கேக்கட்டும், நீங்களும் கேளுங்க."

"நானும் கேட்டுக்கிட்டேன்," என்றாள் அசுந்தா, பலகாரத் தட்டை நகர்த்திக்கொண்டே. "சாமி, ஒரு விண்ணப்பம். வீடெல்லாம் மந்திரிச்சீங்க. இவரு உசிரே அந்த மரத்துலதான் இருக்கு. அதுக்கும் ரெண்டு சொட்டுத் தெளிச்சுடுங்களேன்."

தொனாத்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் மனைவி மனைவிதான் என்று நினைத்தார்.

மூவரும் கொல்லைக்கு இறங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எஜீதியோ ஏற்கெனவே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி நின்றாள். அதற்கடுத்த வீட்டு ஜன்னல்களும் திறந்திருந்தன. அவ்வளவு குளிரில் ஜன்னலை ஏன் திறந்தார்கள் என்று தொனாத்தோ யோசிக்கவில்லை. மரத்தின் மேல் ஊருக்கு இருக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சாமியார் தெளிக்கக் கையை ஓங்கினார்.

"கோட்டு மேல தெளிச்சா கோட்டுக்குத்தானே ஆசீர்வாதம்?" என்றாள் அசுந்தா. "மரத்துல படணும் சாமி. கொஞ்சம் இருங்க." வாளியைத் தூக்கினாள். மேல் பொத்தான்களை அவிழ்த்தாள். உள்ளே இருந்த கம்பளத்தை விலக்கினாள்.

உள்ளே தக்காளிக் குச்சிகள் இருந்தன.

கோடையில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க வெட்டி வைத்திருந்த குச்சிகள். கட்டுக் கட்டாக, கயிறு போட்டு, நேராக நட்டு வைத்திருந்தது. ஒன்றில் காய்ந்த தக்காளிக் கொடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

எஜீதியோவுக்கு மறுபடியும் இருமல் ஆரம்பமானது.

"மரம்..." என்றார் தொனாத்தோ. "மரம் எங்கே?"

"உங்க காலுக்குக் கீழே," என்றாள் அசுந்தா. "நீங்க சாசேஜுக்கு உப்புப் போடப் போனப்போ, எஜீதியோ அண்ணன் நல்லா ஆழமாப் பள்ளம் தோண்டி, பலகை போட்டு, நம்ம வழக்கப்படியே படுக்கவெச்சுட்டாரு. நீங்களும் தினமும் வந்து மேலேயே நின்னு மிதிச்சு மிதிச்சு, ஒரு பொட்டுக் காத்துப் போகாம கெட்டியாக்கிட்டீங்க. இந்தத் தெருவுலேயே நம்ம மரம்தான் பத்திரமா இருக்கு."

தொனாத்தோ ஒரு காலைத் தூக்கினார். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே இடத்தில் வைத்தார்.

"அப்போ... நான் நாடி பாத்தது?"

சாமியார் தீர்த்தச் செம்பை மூடிக்கொண்டே சொன்னார்: "தக்காளிக்கு. நல்ல சுகமாத்தான் இருந்திருக்கும்." அப்புறம் அவராலும் முடியவில்லை. அங்கி குலுங்கச் சிரித்தார். "புதைச்ச மரத்துக்குக் காவல் வேண்டாம் தொனாத்தோ. சூசையப்பர் கேட்டுக்கிட்டிருக்காரு."

"ரயில் நாளைக்குச் சாயங்காலம்," என்றாள் அசுந்தா. கோட்டை உதறி, தட்டி, அவர் தோளில் போர்த்தினாள். "போட்டுக்குங்க. குளிர்ல நிக்காதீங்க."

ரயிலில் தொனாத்தோ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கோட்டில் மண் வாசனை அடித்தது. பனி குறைந்தது, மரங்கள் பச்சையாயின, ஆட்கள் ஒற்றைச் சட்டையில் நடமாடினார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் தம்மைக் கேலி செய்வதாகவே அவருக்குத் தோன்றியது. "களையைப் பாக்க மாட்டேன்," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "கராஜ் பக்கமே போகமாட்டேன்."

"யார் போகச் சொன்னா? பிள்ளையைப் பாத்தா போதும்."

பிள்ளையைப் பார்த்தார். தலை முழுக்கக் கருப்பு முடி, அவருடைய மூக்கை அப்படியே அச்சடித்த மாதிரி ஒரு குட்டி மூக்கு. மூச்சின் கரகரப்பு எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை அழவில்லை. தொனாத்தோதான் அழுதார். அசுந்தா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

மறுநாள் தொனாத்தோ கராஜுக்குப் பின்னால் போனார். சும்மா, கால் போன போக்கில்.

மரம் நின்றது. தடித்த மரம்தான். ஆனால் கிளைகள் கண்டபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பட்டுப்போன குச்சிகள் வெட்டப்படாமல், சீவாத தலை மாதிரி இருந்தது. நுனிகளில் பச்சையாக மொட்டு எட்டிப்பார்த்தது. பக்கத்தில் பேத்தி பிறந்ததற்காக வெர்னன் வைத்த ஆரஞ்சுக் கன்று இரண்டு.

"இது மரமா?" என்றார் தொனாத்தோ, மிகுந்த திருப்தியோடு. "அப்பா அம்மா இல்லாத பிள்ளை."

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானம் ரேடியோவில் குளிர் எச்சரிக்கை வந்தது. வடக்கிலிருந்து காற்று இறங்குகிறது, விடிவதற்குள் உறைந்துவிடும் என்றார்கள். வெர்னன் முகம் வெளுத்துப்போனது. கன்றுகளைப் பார்க்கிறான், வானத்தைப் பார்க்கிறான், கையைப் பிசைகிறான்.

"மாமா, இங்கெல்லாம் இப்படி வந்து பார்த்ததில்லை. பாப்பாவுக்காக வெச்ச கன்னு. என்ன பண்றதுன்னே தெரியலை மாமா."

தொனாத்தோ நாற்காலியிலிருந்து எழுந்தார். அப்படி அவர் எழுந்து அசுந்தா பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"துணி," என்றார்.

"என்ன துணி மாமா?"

"வீட்ல என்ன துணி இருந்தாலும். போர்வை, திரைச்சீலை, மேஜை விரிப்பு. பியரீனா, கயிறு! நீ அங்கே என்ன நிக்கிறே மாப்பிள்ளை, இந்தக் கிளையைப் பிடி. இழுக்காதே, ஒடிஞ்சுடும். பிள்ளையைத் தூக்கற மாதிரிச் சேர்த்துப் பிடி. அடியில துணி தரையைத் தொடணும். தரைச் சூடு வெளியே போகக் கூடாது. இல்லை இல்லை, அப்படிக் கட்டாதே, அது சுருக்கு. இங்கே பாரு."

பொழுது சாய்வதற்குள் கொல்லை முழுக்கப் பேய்கள் மாதிரி வெள்ளை உருவங்கள் நின்றன. அத்திக்குத் துணி போதவில்லை. தொனாத்தோ யோசிக்கவே இல்லை. தம் கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திப் பொத்தான் போட்டார். தலைக்கு ஒரு வாளி.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக மொறுமொறுத்தது. எதிர்வீட்டுச் செடிகள் வெந்த கீரை மாதிரித் தொங்கின. வெர்னன் போர்வையை விலக்கிப் பார்த்தான். கன்று பச்சையாக இருந்தது. அத்தியின் கோட்டை அவிழ்த்தான். மொட்டு அப்படியே இருந்தது.

"மாமா," என்றான். "இதைப் போய் நான் களைன்னு சொன்னேனே மாமா. எனக்கு எல்லாம் கத்துக்கொடுங்க. எப்படி வெட்டணும், எங்கே வெட்டணும், எல்லாம்."

தொனாத்தோ அவன் தோளில் கைவைத்தார்.

காலைச் சாப்பாட்டின்போது அசுந்தா மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, வந்த காரியம் ஆச்சு. ஊர்ல வீடு பூட்டிக் கிடக்கு. வெள்ளிக்கிழமை ரயிலுக்குக் கிளம்பிடலாமா?"

தொனாத்தோ முள்கரண்டியை உயர்த்தினார்.

"ரயிலாவது, வெள்ளியாவது! இந்த மரத்தை விட்டுட்டு வர முடியாது. இது சரியா வளர்ந்து ஒரு நல்ல நிலைக்கு வர்ற வரைக்கும் ஒரு ஆள் கூடவே இருக்கணும். மாப்பிள்ளை கைக்கு இன்னும் பழக்கம் வரலை. ஈஸ்டர் முடியறவரை நான் இங்கேயிருந்து அசையப் போறதில்லை."

"ஐயோ, நம்ம மரம்?"

"அது புதைஞ்சு கிடக்கு. எழுப்ப எஜீதியோ இருக்கான். இது முடிவு. எதிர்த்துப் பேசாதே!"

"நான் என்னிக்கு எதிர்த்துப் பேசினேன்?" அசுந்தா பிள்ளையை மடியில் இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வைத்துக்கொண்டாள். "சரிங்க."

தொனாத்தோ மேஜையைச் சுற்றிப் பார்த்தார். மகள் சிரித்தாள். மாப்பிள்ளை தலையாட்டினான். மனைவி வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வெற்றி அவருக்குக் கிடைத்ததில்லை. ஆம்பளை என்றால் இப்படித்தான் உறுதியாக இருக்க வேண்டும் என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். குளிர் இன்னும் இரண்டு ராத்திரி இருக்கும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. அத்திக்கு அடியில் சுற்ற ஏதாவது பழைய துணி கிடைக்குமா என்று பார்க்க, விசிலடித்துக்கொண்டே உள்ளே போய் அசுந்தாவின் பெட்டியைத் திறந்தார்.

மேலாக இரண்டு கம்பளி உடுப்பு. அதற்குக் கீழே பருத்தி உடுப்புகள், ஒன்றல்ல, மடித்து மடித்து அடுக்காக. அதற்கும் கீழே, பெட்டியின் அடியில், நசுங்கிவிடாமலிருக்க உள்ளே காகிதம் அடைத்து, வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவள் தலையில் ஏறும் ஈஸ்டர் தொப்பி இருந்தது.